பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருபவன்

பாப்பா,

நேற்று நீ வேலைக்கான கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் தொட்டபோது, நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். “உங்கண்ணனுக்கு வயித்தெரிச்சல்டி” என்று அத்தை உன்னிடம் சொன்னது தெருமுனை வரை கேட்டது. வயிற்றெரிச்சல் இல்லை. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நேராகப் பேசினால் நீ பாத்திரம் கழுவப் போய்விடுகிறாய். எழுதிக் கொடுத்தால் முழுசாகப் படிப்பாய் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். நம் பெயர் எதுவும் போடாமல் இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். ஸ்ரீராம்புரத்தில் நம் சந்திலேயே பி.காம் முடித்து, டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, ஆபீஸ் வேலைக்குக் காத்திருக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். அவர்களுக்கு இதைச் சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இல்லை.

உன்னை வளர்த்தவன் என்கிற உரிமையில்தான் சொல்கிறேன். அம்மா நீ பிறந்த அடுத்த வருஷமே போய்விட்டாள். அப்பா தொண்ணூற்றொன்றில், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போனார். எனக்குப் பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். உனக்கு ஆறு. அன்றிலிருந்து உன் பள்ளிக்கூட விண்ணப்பங்களில் தந்தை அல்லது காப்பாளர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. உறவுக்கு அண்ணன், வளர்ப்புக்கு அப்பன். நல்ல அப்பன் என்று சொல்லமாட்டேன். பின்னல் போடத் தெரியாமல், உன் முடியை இரண்டாகப் பிரித்து, ஒயர் முறுக்குவது மாதிரி முறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பினேன். மிஸ் சிரித்துவிட்டார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தாய். முடி கண்ணில் விழுந்ததா, விழவில்லை, அப்புறம் என்ன என்று கேட்டேன். இன்னமும் அப்படித்தான் பேசுகிறேன் என்கிறாய். சரி, அப்படியே படி.

தாத்தா கார்ப்பரேஷனில் தெரு கூட்டினவர். அப்பா ஒரு தொழிற்சாலை ஆபீஸில் பியூனாகச் சேர்ந்தார். டீ வாங்கி வருவது, ஃபைல் தூக்குவது, மேசை துடைப்பது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தபால் பிரிவில் போய் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே உறைகளில் முகவரி எழுதிக் கொடுப்பாராம். சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு. லோயர் பரீட்சையில் ஒரு தடவை தோற்று, ஹையரை முதல் தடவையிலேயே தேறினார். சில வருஷம் கழித்து அதே தபால் பிரிவில் கிளார்க்காகப் போட்டார்கள். ஃபேனுக்குக் கீழே நாற்காலி. நம் குடும்பத்தில் வெயிலில் நிற்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள். இந்தக் கதையை அத்தை உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அத்தை விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அப்பாவுக்கு உழைப்பு இருந்தது, ஆசை இருந்தது, எல்லாம் சரி. அவர் மேலே ஏற முடிந்ததற்குக் காரணம், அந்த ஆபீஸில் கீழே ஒரு படி இருந்தது. ஒன்றும் தெரியாதவன் வந்து நிற்பதற்கு ஓர் இடம். தப்பும் தவறுமாக எழுதி, திட்டு வாங்கி, திருத்திக்கொண்டு கற்க ஓர் இடம். கற்றுக்கொள்கிற காலத்துக்கும் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் படி இல்லையென்றால் அப்பாவின் உழைப்பெல்லாம் டீ கிளாஸ் கழுவுவதிலேயே முடிந்திருக்கும்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார்கள். பணியில் இருக்கும்போது இறந்தவர் பிள்ளைக்கு வேலை தருவது அங்கே வழக்கம். அதே தபால் பிரிவு, அதே நாற்காலி. நான் முடியாது என்றேன். முத்திரை குத்துவதற்கு டிப்ளமா படிக்கவில்லை என்றேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “சும்மா வர்ற சேர எட்டி ஒதைக்கிறியே, கையில ஒரு பொண்ணு இருக்குது, அதுக்கு யாரு சோறு போடறது?” என்றாள். “அந்த சேரே இன்னும் பத்து வருஷத்துல இருக்காது அத்தை” என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கல்லூரியில் அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போவோம். அந்தத் திமிரில் சொன்னேன். சொன்னபடி நடந்துவிட்டது. அந்த முடிவுக்காக நான் வருத்தப்படவில்லை, அது சரியான முடிவுதான். ஆனால் அந்த நாற்காலி தானாகக் காணாமல் போகவில்லை. அந்த மாதிரி நாற்காலிகளைப் போய் எடுத்தவர்களில் நானும் ஒருவன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு இதுவரை சரியாகச் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் கம்பெனி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தொம்மலூரில் பழைய ஊருக்குள், ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கிறது எங்கள் ஆபீஸ். மற்ற கம்பெனிகளின் ஆபீஸ் வேலைகளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கிறோம். வருகைப் பதிவு, சம்பளம், தபால், கொள்முதல், இந்த மாதிரி. எழுதுவதற்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஸ்டடி என்று பெயர். அதுதான் என் வேலை. ஒவ்வொரு கிளார்க்குக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு சில நாள் உட்காருவேன். எதிரில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும், வாயைத் திறக்கமாட்டார்கள். பக்கத்தில், அவர்கள் பார்க்கிற பக்கம் பார்த்தபடி உட்கார வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான். காலையில் வந்ததும் என்ன செய்வீர்கள், அதற்கப்புறம், அது வரவில்லையென்றால் யாரைக் கேட்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வேன். யாரும் மறைத்ததில்லை. அவர்கள் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவர்கள் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டவுடன் அப்படியே கொட்டிவிடுவார்கள்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பெரிய தொழிற்சாலையில் ஸ்டடிக்குப் போனேன். தபால் பிரிவுக்கு லூர்து மேரி என்று ஓர் அக்கா பொறுப்பு. அவருக்குக் கீழே நான்கு பெண்கள், எல்லோரும் இப்போதைய உன் வயது. நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன். என் பேச்சில் எதையோ கண்டுபிடித்து, எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னேன். “ஸ்ரீராம்புரமா? அப்போ நம்ம புள்ளதான். நாங்க கோலார் தங்கவயல். எங்கப்பா பூமிக்கு அடியில எறங்கினவரு, நான் மேல ஃபேன் காத்துல உக்காந்திருக்கேன்” என்று சிரித்தார். மறுநாளிலிருந்து எனக்கும் சேர்த்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தார். நான் கேட்காததையும் சொன்னார். “எம்.டி. கூட வந்து இப்பிடி உக்காந்து கேட்டதில்ல தம்பி. நான் இங்க என்னா பண்றேன்னு எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது” என்றார்.

புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் வருஷம் ஒரே வேலைதான் கொடுப்பாராம். வருகிற தபாலைப் பிரித்து, படித்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதி, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அந்தத் தட்டில் போட வேண்டும். குரங்குகூடச் செய்யுமே அக்கா, இதற்கு ஒரு வருஷமா என்று கேட்டேன். “செய்யும். ஆனா கொரங்கு படிக்காதில்ல?” என்றார். “எல்லார் தபாலையும் ஒரு வருஷம் படிச்சா இந்த ஆபீசே மண்டைக்குள்ள வந்துடும் தம்பி. அப்புறம் எந்த செக்ஷன்ல தூக்கிப் போட்டாலும் நீஞ்சிக்குவாளுங்க.” அந்தத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு அம்மா, கணக்குப் பிரிவில் இரண்டு பேர், மேனேஜரின் உதவியாளர், எல்லோரும் இவருடைய மேசையிலிருந்து கிளம்பிப் போனவர்கள்தான். நான் அதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் அது புரோகிராமுக்குத் தேவைப்படாத தகவல்.

தொழிலாளிகளுக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்களும் அங்கேதான் வரும். மூலையில் கறுப்பு தடவிய சாவுக் கடிதம் வந்தால் மேரி அக்கா அதைத் தட்டில் போடமாட்டார். தானே எடுத்துக்கொண்டு போய், அந்த ஆளை மெஷினிலிருந்து வெளியே கூப்பிட்டு, ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டுக் கொடுப்பார். இதுக்கு உங்க புரோகிராம்ல எடம் இருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். பரவாயில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். புரோகிராம் ஓட ஆரம்பித்த மறு வருஷம் விருப்ப ஓய்வு என்று ஒன்று கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அதை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அதனால் தொழிற்சாலை ஒன்றும் மூழ்கிவிடவில்லை. எல்லாம் நன்றாகவே நடக்கிறது. இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் இயந்திரம் கெட்டுப்போய் அந்த அக்காவைத் தேடிக்கொண்டு வருவார்கள் என்று உனக்குத் தோன்றும். வரவில்லை. என் புரோகிராம் நல்ல புரோகிராம்.

அந்த நான்கு பெண்களை யாரும் வெளியே தள்ளவில்லை என்பதையும் கவனி. மூன்று பேரை வேறு பிரிவுகளுக்கு மாற்றினார்கள், ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். அந்த இடத்துக்குப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். மில்லை மூடினால் கொடி பிடிக்கிறார்கள், ரோட்டை மறிக்கிறார்கள். இங்கே வேலை போனது அங்கே இருந்தவர்களுக்கு இல்லை, இனிமேல் வரவேண்டியவர்களுக்கு. இன்னும் வராதவளுக்காக எவன் கொடி பிடிப்பான்? அவளுக்கே தெரியாது. அவள் அப்போது ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாள். நீயும் அந்த வருஷம் எட்டாவது.

சில வருஷம் கழித்து மேரி அக்காவைப் பொம்மனஹள்ளி பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன், அவர்தான் வந்து தோளைத் தொட்டார். இளைச்சிட்டியே தம்பி, வூட்ல தங்கச்சி சமைக்கறதில்லையா என்று கேட்டார். அவருக்கு என் மேல் கோபமே இல்லை. மகளைப் பற்றிச் சொன்னார், பி.காம், டைப்ரைட்டிங் ஹையர். “உங்க கம்பெனியில சின்னதா ஏதாவது இருந்தா பாரு தம்பி. தபால் பிரிக்கற வேலையா இருந்தாலும் பரவால்ல. நான் வூட்லயே சொல்லிக் குடுத்துடுவேன்” என்றார். டேட்டா என்ட்ரி படிக்கச் சொல்லுங்கள், அதற்குத்தான் இப்போது ஆள் எடுக்கிறார்கள் என்றேன். அந்தப் பெண் படித்தாள். கோரமங்களாவில் ஒரு ஹாலில் வரிசை வரிசையாக உட்கார்ந்து விண்ணப்பப் படிவங்களை டைப் செய்தாள். ஒரு வருஷம்போல ஓடியது. அப்புறம் படிவங்களை வாடிக்கையாளர்களே இன்டர்நெட்டில் பூர்த்தி செய்ய வழி வந்தது, ஹாலைக் காலி செய்தார்கள். இப்போது அவள் துணிக்கடையில் பில் போடுகிறாள். என் வாழ்க்கையில் ஒருத்தருக்கு நான் சொன்ன வேலை ஆலோசனை அது ஒன்றுதான்.

நீ கேட்கலாம், படித்த ஆள் இல்லாமல் ஆபீஸ் எப்படி நடக்கும், என்றைக்காவது மறுபடி எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். போகிற கம்பெனிகளிலெல்லாம் மேனேஜர்கள் புலம்புகிறார்கள். அனுபவம் உள்ள ஆள் வேண்டும், அனுபவம் உள்ள ஆள் வேண்டும், கிடைக்கவே இல்லை சார். அனுபவம் எங்கேயிருந்து வரும்? அது விளைகிற இடத்தைத்தான் நாங்கள் உழுது மூடிவிட்டோமே. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். ஒருநாள் தடுமாறி நின்று, கீழேயிருந்து மறுபடி ஆள் எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். தடுமாறுகிறார்கள். ஆனால் எடுக்கவில்லை. தடுமாறுவதற்குப் பழகிவிட்டார்கள்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். ஆபீஸ் அசிஸ்டென்ட். கடிதத்தை நீ படித்த மாதிரி நான் படிக்கவில்லை. உன் சம்பளம் அந்தக் கம்பெனியிலிருந்து வராது, ஏஜென்சியிலிருந்து வரும். பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம், பிறகு புதுப்பித்தால் உண்டு. கழுத்தில் மாட்டுகிற அட்டைகூட வேறு நிறத்தில் இருக்கும், போனதும் பார். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொன்னேன், கத்தியே சொன்னேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டாய். “நீ வேணாம்னு ஒதறிட்டு வந்த சேர்தானே ணா? எனக்கு அதுகூட ஆகாதா?”

சேர் இருக்கும், அதிலிருந்து மேலே ஏற ஒன்றும் இருக்காது என்றேன்.

“ஏற வேணாம். ஆறு வயசுலேர்ந்து உன் பின்னாடி ஓடிட்டே இருக்கேன். கொஞ்ச நாள் உக்கார்றேனே.”

அப்புறம் வேற என்ன பண்ணட்டும் சொல்லு என்றாய். எம்.சி.ஏ. படி என்றேன். உனக்குக் கணக்கு வராது என்று எனக்கே தெரியும், சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன். படித்தாலும் என்ன? எங்கள் ஆபீஸில் புதிதாக வந்திருக்கிற பசங்கள் என் வேலையைப் பாதிச் சம்பளத்துக்குச் செய்யத் தயார். முதலாளி அவர்களையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. அடுத்தவன் வேலையைக் கேட்டு எழுதிக்கொள்கிறவன் வேலையையும் யாராவது கேட்டு எழுதிக்கொள்வான். இந்த ஊரில் எந்தப் பக்கம் போனால் பத்திரம் என்று எனக்குத் தெரியவில்லை, பாப்பா. அப்பாவாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார், தப்பாகவாவது. நான் எல்லாம் தெரிந்த மாதிரி கத்துகிறேன், ஆனால் உன்னை அனுப்ப ஓர் இடம் காட்டு என்றால் கையை விரிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் விட்ட ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. நேற்று நான் எழுந்து போனதற்குக் காரணம் அதுதான். உன் கடிதத்தில் நீ வேலை செய்யப்போகிற இடமாகப் போட்டிருந்த கம்பெனி பெயரை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், எங்கள் ஆபீஸில், முதலாளியின் மேசையில். போன மாதமே வேலை எங்களுக்கு வந்துவிட்டது. உன்னோடு சேர்த்து ஆறு பேர் இருக்கிற அந்த அறையை ஸ்டடி செய்ய வேண்டும். ஸ்டடி முடிந்து புரோகிராம் எழுதும் வரைக்கும் கைவேலைக்கு ஓர் ஆள் குறைகிறது, அதனால்தான் உன்னை எடுத்திருக்கிறார்கள். இன்று காலை முதலாளியிடம் போய், என் தங்கை அங்கே சேர்கிறாள், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொன்னேன். அவர் கன்னடக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். “உங்க தங்கச்சியா? ஒள்ளேதாயித்து” என்றார், நல்லதாப் போச்சு என்கிற அர்த்தத்தில். “அவங்க ஒளிக்காம சொல்லிடுவாங்க. சீக்கிரம் முடியும்.” கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷன், உன் பரீட்சைக்கெல்லாம் எனக்கு லீவு கொடுத்தவர்.

வேலையை விட்டுவிடு என்பாய். விட்டால் அந்தப் பசங்களில் ஒருவன் வருவான், வாடகைக்கு நாம் இரண்டு பேரும் உன் பதினோரு மாதத்தை நம்பி இருக்க வேண்டும். அந்த வேலையில் சேராதே என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி எழுதி இங்கே வந்து நிற்கிறேன், அந்த வார்த்தையை எழுத எனக்கு முகம் இல்லை. சேர். திங்கட்கிழமை நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். போய் ஃபேனுக்குக் கீழே உட்கார். இருக்கிற மாதங்களில் கையில் கிடைக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் படி, உன் வேலை இல்லையென்றாலும் படி. அதனால் பிழைப்பாய் என்று நான் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியாததால் சொல்கிறேன்.

அடுத்த மாதம் நான் அங்கே வருவேன். மற்ற ஐந்து பேரில் யாருக்கும் நாம் யார் என்று தெரியக் கூடாது. கடைசியில் நீ மட்டும் மிஞ்சினால் அண்ணனால் மிஞ்சினாள் என்பார்கள், நீயும் போனால் கூடப்பிறந்தவள் வேலையையே எழுதி எடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினான் என்பார்கள். இரண்டையும் நீ சுமக்க வேண்டாம். உன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் உட்காரும்போது, மற்றவர்களைப் போலவே நீயும் எழுந்து வணக்கம் சொல்லு. அண்ணா என்று கூப்பிட்டுவிடாதே. சார் என்று கூப்பிடு.